ரெண்டு கண்ணும் தூங்கினால்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

சுண்டு எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? முழங்காலை யாரிடமாவது காட்டினாயா, இல்லை இன்னும் அடுப்புச் சூட்டிலேயே ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறாயா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. பகலெல்லாம் படுத்திருப்பாய், ராத்திரியெல்லாம் ரொட்டி ஆலையில் நிற்பாய். எழுதினால்தான் உன்னிடமிருந்து பதில் வரும் என்பது நமக்குள் என்றைக்கோ ஆகிப்போன ஏற்பாடு.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். வலது கையும் காலும் விழுந்தது விழுந்ததுதான். பேச்சு சுத்தமாக இல்லை. வாயைத் திறக்கிறாள், காற்றுதான் வருகிறது. போன வாரம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று பாட ஆரம்பித்துவிட்டாள். சீப்பைக் கீழே போட்டுவிட்டேன். ஓர் எழுத்துப் பிசகாமல், நம் சின்ன வயதுத் தாலாட்டு.

கதவைச் சாத்தியாச்சு கண்ணே
விளக்கை ஊதியாச்சு
போனவரை நினைச்ச நெஞ்சும்
புகையாப் போயாச்சு

பெரிய கண்ணு தூங்கியாச்சா
சின்னக் கண்ணு தூங்கியாச்சா
ரெண்டு கண்ணும் தூங்கினாத்தான்
அம்மாவுக்கு வேலை இருக்கு

அன்றிலிருந்து அவளுக்கு இருக்கிற பாஷையே இதுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் இந்தப் பாட்டு, தலையணை சரிந்தாலும் இந்தப் பாட்டு. காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவனைப் பார்த்து, “பெரிய கண்ணு தூங்கியாச்சா?” என்று கேட்டாள். அவன் என்ன நினைத்தானோ, “தூங்கியாச்சும்மா” என்று சொல்லிவிட்டு, சிலிண்டரைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். மூளையில் பேச்சு இருக்கிற இடம் வேறு, பாட்டு இருக்கிற இடம் வேறு என்கிறாள். பாட்டைப் பிடித்துக்கொண்டே மற்ற வார்த்தைகளையும் வெளியே இழுத்துவிடலாமாம். அதற்குப் பாட்டு முழுசாக வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்குப் பிறகும் அம்மா ஏதோ பாடுவாள், அதற்குள் நான் தூங்கிப்போயிருப்பேன். உனக்குத் தெரிந்திருக்கும். எழுதி அனுப்பு. முடிந்தால் நீயே வந்து சொல்லு.

வேளைக்குச் சாப்பிடு.
சுண்டு


ஜனவரி 28

சுண்டுவுக்கு,

இருக்கிறேன். முழங்கால் அப்படியேதான். ஆலையில் மாவு பிசைய ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறது. அதை நாங்கள் பழக்குவதற்குள் அது எங்களைப் பழக்கிவிட்டது. அதனால்தான் பதில் தள்ளிப்போனது.

அம்மாவுக்கு விழுங்க முடிகிறதா? படுக்கைப் புண் வராமல் அடிக்கடி திருப்பிப் படுக்க வை. கட்டிலை ஜன்னல் பக்கம் போடு. தெருவில் நாலு பேர் போவதைப் பார்த்தால் மனசு கொஞ்சம் லேசாகும்.

பாட்டு விஷயம். எனக்கும் சரியாக நினைவில்லை. நீ எழுதியதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெண்ணை வேறு பாட்டு சொல்லிக்கொடுக்கச் சொல். ரேடியோவில் வருவது எதையாவது. இல்லாவிட்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லட்டும். அதில் கெடுதல் ஒன்றுமில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைப்பது கஷ்டம். மாசமாக இருக்கிற உன் மகளைத் தூக்கு எடு என்று வேலை வாங்காதே. அவளைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்ல சேதியோடு தொடங்குகிறேன். அம்மா நேற்று “தண்ணி” என்று சொன்னாள்! தாலாட்டின் ராகத்திலேயே “தண்ணி வேணும் தண்ணி வேணும்” என்று அந்தப் பெண் பாடிக்காட்டினாள். அம்மாவும் கூடவே இழுத்து இழுத்துப் பாடி, கடைசியில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் ராகமில்லாமல் தனியாகச் சொன்னாள். நானும் அந்தப் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம்.

இந்தப் பாட்டைக் கேட்கக் கேட்க அந்த அறை முழுசாக ஞாபகம் வருகிறது. அம்மா வேலை பார்த்த லாண்டரிக்குப் பின்பக்கம், எந்நேரமும் சுவர் வியர்த்துக்கொண்டிருக்கும். ஒரே கட்டிலில் மூன்று பேர். அம்மா கையில் எப்போதும் சோப்பு வாசனை. கண் சொக்கும் நேரம் பார்த்து நீ என் தொடையைக் கிள்ளுவாயே, ஞாபகம் இருக்கிறதா? காலையில் பார்த்தால் நீலம் பூத்திருக்கும். நீ மட்டும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தலையைச் சாய்த்துத் தூங்கி வாத்தியாரிடம் அடி வாங்குவாய். தூங்குமூஞ்சி என்று உனக்கு ஊரே பெயர் வைத்திருந்தது.

ஏரிக்குப் போனது இன்னும் எனக்கு ஆறவில்லை. அம்மா நமக்கு நல்ல துணியெல்லாம் போட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் கூட்டிப் போனாள். படகில் போகப்போகிறோம் என்று நான் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அங்கே போனதும் அவள் தோளில் தூங்கிவிட்டேன். நீ கத்தின கத்தலில்தான் விழித்தேன். அம்மா கையைக் கடித்து ரத்தம் வரவைத்திருந்தாய். அதோடு வீட்டுக்குத் திரும்பியாயிற்று. உன்னால் எனக்குப் படகு போயிற்று என்று எத்தனை நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன்!

மீதிப் பாட்டை யோசித்துப் பார். திரைச்சீலை ஆர்டர் ஒன்று தைக்காமல் கிடக்கிறது, மிஷினில் உட்காரப் போகிறேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
சுண்டு


மார்ச் 4

அண்ணா,

நலம்தானே? பதிலே இல்லையே என்று எழுதுகிறேன்.

அம்மா “தண்ணி”க்கு மேல் நகரவில்லை. “வேலை இருக்கு” என்று பாடி முடித்ததும் இடது கையால் கட்டிலைத் தட்டுகிறாள். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்கிற மாதிரி என் வாயையே பார்க்கிறாள். நான் சும்மா இருந்தால் கண்ணில் நீர் வழிகிறது. அவள் எதையோ எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள், அந்த மிச்ச வரிகள் கிடைத்தால் வழி திறந்துவிடும் என்கிறாள் பயிற்சிப் பெண்.

ஒரு வரி ஞாபகம் வந்தாலும் போதும், எழுது.

சுண்டு


மார்ச் 17

சுண்டுவுக்கு,

நான் சௌக்கியம். அந்தப் பாட்டை நிறுத்திவிடு. அம்மாவையும் பாட விடாதே. ஆரம்பித்தால் ரேடியோவைப் போடு. அந்தப் பெண்ணிடம் பாட்டு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். பேச்சு வராவிட்டால் பரவாயில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் உனக்குச் சொல்லாமலே தெரியும்.

ஒன்று கேட்கிறேன். உன் மகளுக்கு இந்தப் பாட்டைப் பாடியிருக்கிறாயா?

அண்ணன்


மார்ச் 22

அண்ணனுக்கு,

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன.

அங்கே உட்கார்ந்துகொண்டு நிறுத்து, வேண்டாம் என்று உத்தரவு போடுகிறாய். இங்கே தூக்குவதும் துடைப்பதும் நான். ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில். அவ்வளவுதான் தூரம். என் வீட்டுக்காரர் போனபோதும் நீ வரவில்லை, மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. வேலை, வேலை. உனக்கு அம்மாவைப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும், கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன். அவள் உனக்கு என்ன செய்தாள்? விட்டுவிட்டுப் போன மனுஷனை நினைத்து மூலையில் உட்காராமல், ஊராரின் படுக்கை விரிப்பையெல்லாம் துவைத்து நம் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். அது தப்பா?

ஆமாம், என் மகளுக்கு அதைத்தான் பாடினேன். எனக்கு வேறு பாட்டுத் தெரியாது. அடுத்த மாதம் அவளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. அவளும் அதைத்தான் பாடுவாள். அதில் ஏதாவது கெட்டது இருந்தால் வாயைத் திறந்து சொல். இல்லாவிட்டால் இனி எழுதாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தங்கை


ஏப்ரல் 16

சுண்டு,

நீயும் மகளும் நலமாக இருக்க வேண்டும். குழந்தை பிறந்திருந்தால் அதுவும். இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். மகள் பக்கத்தில் இருந்தால் இப்போது படிக்காதே.

மிச்சம் நாலே வரிதான். எனக்கு எப்போதும் மறந்ததில்லை.

ஆளுக்கொரு தோளிலே
அலுங்காம தூக்குவேன்
ஆழத் தண்ணி மெத்தையிலே
மூணு பேரும் தூங்கலாம்

நீ தூங்கின பிறகுதான் இதைப் பாடுவாள். நானும் தூங்கிவிட்டேன் என்று நினைத்துத்தான் பாடியிருப்பாள். முதல் தடவை கேட்டபோது எனக்கு அர்த்தம் முழுசாகப் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. இரண்டு பேரும் தூங்கினால்தான் அது நடக்கும். ஒருவர் விழித்திருந்தால் நடக்காது. அதனால்தான் உன்னைக் கிள்ளினேன். நீ அழுதாய், மறுபடியும் தூங்கினாய். சின்னப் பெண், உன்னால் முடியாது என்று விட்டுவிட்டேன். நான் விழித்திருந்தேன். அவள் மூச்சு சீராகிற வரைக்கும் கண்ணைக் கொட்டமாட்டேன். வாத்தியாரிடம் அடி வாங்கினது அந்தத் தூக்கத்துக்குத்தான்.

ஏரியைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்குப் படகெல்லாம் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள், கரையில் யாருமில்லை. நீ ஒரு தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் படியில் இறங்கினாள், நான் பின்னாலேயே போனேன். தண்ணீர் அவள் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. என்னைத் தூக்கிக்கொள்ள இன்னொரு கையை நீட்டினாள். அந்தக் கையைத்தான் கடித்தேன்.

“நான் தூங்கலம்மா. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று கத்தினேன். அது ஒன்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. “கத்தாதே, சின்னது பயந்துக்கும்” என்றாள். அப்புறம், “வா, கடைசி பஸ் போயிடும்” என்றாள். பஸ்ஸில் உன் பாவாடை நுனியைப் பிழிந்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம்தான் லாண்டரியில் அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள், அறையையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இதெல்லாம் ரொம்பப் பின்னால்தான் தெரியும். அடுத்த வாரமே வேறு லாண்டரியில் சேர்ந்துவிட்டாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஏரியிலிருந்து திரும்பின அன்றைக்கு ராத்திரியும் பாடினாள், சுண்டு. நாலு வரியையும் பாடினாள். அதற்கப்புறமும் நிறுத்தவில்லை.

எனக்கு அவளைப் பிடிக்காது என்று எழுதியிருக்கிறாய். அப்படியில்லை. அவள் இருக்கிற வீட்டில் என்னால் கண்ணை மூட முடியாது, அவ்வளவுதான். மற்றவர்கள் வேண்டாமென்று ஓடுகிற ராத்திரி வேலையை நான் கேட்டு வாங்கினேன். கல்யாணம் வேண்டாமென்றதும் இதனால்தான். பக்கத்தில் ஓர் ஆள் தூங்கினால் நான் உட்கார்ந்து காவல் காப்பேன். யார் பொறுத்துக்கொள்வார்கள்?

உனக்கு ஒரு நல்ல அம்மா இருந்தாள். அவளை உன்னிடமிருந்து பிடுங்க வேண்டாமென்றுதான் இத்தனை காலம் சொல்லவில்லை. அவளிடம் இதைக் கேட்காதே. அந்த வரிகளைப் பாடிக் காட்டாதே.

அண்ணன்


மே 25

அண்ணா,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

மகளுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல்தான் கோபம் வந்தது. ஒன்பது வயதுப் பையன் பயத்தில் எதையோ பார்த்திருக்கிறான், அதைப் பெரிதாக்கி இத்தனை வருஷம் சுமந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்று காலைக் கழுவியிருக்கலாமே என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லையென்று ஆக வேண்டும் என்றுதான் பாடினேன். நீ வேண்டாமென்று சொல்லியும் பாடினேன்.

மத்தியான நேரம். அம்மா வழக்கம்போல “வேலை இருக்கு” என்று முடித்துவிட்டுக் கட்டிலைத் தட்டினாள். நான் “ஆளுக்கொரு தோளிலே” என்று எடுத்தேன். உடனே கூடவே சேர்ந்துகொண்டாள். குரல் தெளிவாக, இளம் வயதில் கேட்ட மாதிரி. நாலு வரியும் இரண்டு பேரும் சேர்ந்து பாடினோம். முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாக இடது கையைத் தூக்கி என் வாயைப் பொத்தினாள். கையை எடுக்கவே இல்லை.

அதோடு சரி. பாட்டும் நின்றுவிட்டது. “தண்ணி”யும் இல்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். இனி வந்து பிரயோஜனம் இல்லை என்று பயிற்சிப் பெண் சொல்லிவிட்டாள். நல்ல பெண், போகும்போது அழுதாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

நீ வா. உன்னைப் பார்த்தால் வாயைத் திறப்பாளோ என்னவோ. நானும் இப்போது சரியாகத் தூங்குவதில்லை. பக்கத்து அறையில் அவள் திரும்பினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். எழுந்து நடக்க முடியாத மனுஷி, தண்ணீர் டம்ளரைக்கூடத் தூக்க முடியாது. தெரிந்தும் எழுகிறேன். நீ எப்படித்தான் இருந்தாயோ.

வந்துவிடு.
சுண்டு


ஜூன் 3

சுண்டுவுக்கு,

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி காலையில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, அம்மாவை விட்டுவிட்டு அலைய வேண்டாம். வழி விசாரித்துக்கொள்வேன்.

நீ பாடினது தப்பு என்று நினைத்துக் குமையாதே. யாராவது ஒருநாள் பாடித்தான் இருப்பார்கள்.

அவளிடம் எனக்குக் கேட்க ஒன்று இருக்கிறது. கோபமாக இல்லை. நான் விழித்திருந்ததால் திரும்பினாளா, இல்லை அவளாகவே திரும்பினாளா? நான் கத்தாமல் இருந்திருந்தாலும் அவள் கரையேறியிருப்பாள் என்றால், நான் இத்தனை வருஷம் யாருக்குக் காவல் இருந்தேன்? தலையை ஆட்டினாலும் போதும்.

குழந்தைக்கு ஸ்வெட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். அளவு தெரியாமல் பெரிதாக வாங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நேரில் மற்றவை.
அண்ணன்


ஜூன் 20

சுண்டுவுக்கு,

எல்லோரும் நலமென்று நம்புகிறேன். வர முடியாமல் போய்விட்டது. கிளம்புகிற நாளில் புது இயந்திரத்தின் பெல்ட் அறுந்துபோய், லீவை ரத்து செய்துவிட்டார்கள். நான் இல்லாமல் முடியாது என்றார்கள். உனக்குச் சொல்லக்கூட நேரமில்லை. ஸ்வெட்டரைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா எப்படி இருக்கிறாள்? அடுத்த மாதம் மறுபடியும் லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

அண்ணன்


ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். ஸ்வெட்டர் வந்தது. அடுத்த குளிருக்குச் சரியாக இருக்கும்.

அம்மா போன மாதம் பதினேழாம் தேதி மத்தியானம் போய்விட்டாள். திரைச்சீலைக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே போயிருந்தாள். அன்றைக்கே ஆலைக்குப் போன் செய்தேன். நீ லீவில் இருப்பதாக, ஊரில் அம்மாவைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் வரை வைத்திருந்தோம். பிறகு மகளும் மாப்பிள்ளையும் நானுமாக எல்லாவற்றையும் முடித்தோம்.

பன்னிரண்டாம் தேதி காலையில் அவளைக் குளிப்பாட்டி, வெளுத்த புடவை கட்டி, நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தேன். நீ தெருவில் வருவதை முதலில் அவள் பார்க்கட்டும் என்று. சாயங்காலம் வரை அப்படியே இருந்தாள். உன் கேள்வியையும் நான் கேட்டுவிட்டேன், நீ வராததால். “அண்ணன் கத்தாட்டியும் நீ திரும்பியிருப்பியாம்மா?” என்றேன். தலையை ஆட்டவில்லை. தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே சைக்கிள் கடைக்காரர் துக்கம் கேட்க வந்தபோது ஒன்று சொன்னார். அந்தப் பன்னிரண்டாம் தேதி காலையில் அவர் கடை நிழலில் யாரோ ஒரு பெரியவர் பையோடு நின்றாராம். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் சூடுபட்ட தழும்பாம். “அந்த வீட்டம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டாராம். “ஜன்னல்கிட்டதான் உக்காந்திருக்காங்க, மேலே போய்ப் பாருங்களேன்” என்று இவர் சொன்னாராம். அவர் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வெயில் ஏறினதும் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டாராம். யாரென்று தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

உன் ஆலை பெல்ட் சரியாகிவிட்டதா?

குழந்தை ராத்திரியில் ரொம்ப அழுகிறது. மகளிடம் அந்தப் பாட்டு வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். வார்த்தை நன்றாக இல்லை என்றேன். சரியென்று வார்த்தையை விட்டுவிட்டு வெறும் ராகத்தை முனகுகிறாள். குழந்தை உடனே தூங்கிவிடுகிறது. நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து ஏதாவது பாத்திரத்தைக் கழுவுகிறேன்.

கட்டிலைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அறையைத் துடைத்து, புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறேன். நீ இனிமேல் லீவு கேட்க வேண்டியதில்லை.

தங்கை